7/20 என்றால் என்ன? வண்ண மரச்செதுக்கு அச்சுக்கு ஓர் அறிமுகம்

கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு படம். நடவு நடக்கும் வயல், வரப்போரம் இரண்டு கொக்கு, பின்னால் பனைமரங்கள். படத்துக்குக் கீழே விட்டிருக்கும் வெள்ளை விளிம்பில், இடது பக்கம் பென்சிலால் 7/20 என்று எழுதியிருக்கிறது. நடுவில் தலைப்பு. வலது பக்கம் ஓவியரின் கையெழுத்து, ஆண்டு. பக்கத்துச் சீட்டில் ‘வண்ண மரச்செதுக்கு, லிமிடெட் எடிஷன்’ என்று போட்டு ஒரு விலையும் போட்டிருக்கிறார்கள். அந்த விலையைப் பார்த்ததும் யாருக்கும் நியாயமாக எழும் கேள்வி ஒன்று உண்டு: “இது ஏழாவது காப்பின்னா, ஒரிஜினல் யார்கிட்ட இருக்கு?”

இருபது பேரிடம் இருக்கிறது. முதலில் ஓர் ஓவியம் தீட்டி, அதைப் பார்த்து இருபது நகல் எடுத்தார்கள் என்று நினைத்துக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. இங்கே அப்படி ஓர் ஓவியமே கிடையாது. ஓவியர் ஒரு கோட்டுச் சித்திரம் போட்டு வைத்திருக்கலாம். அது அவர் கைக்குறிப்பு. படம் என்பது, செதுக்கிய பலகையில் மை தடவித் தாளில் ஒற்றி எடுக்கும்போதுதான் முதன்முதலாக உண்டாகிறது. இருபது தாளிலும் அப்படித்தான் உண்டானது. அதனால் இருபதும் அசல்.

சரி, அதற்கு ஏன் இருபதோடு நிறுத்த வேண்டும்? பலகைதான் இருக்கிறதே, இன்னும் இருநூறு அடிக்கலாமே? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, படம் எப்படி உருவாகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

உளி போன இடம் வெள்ளை

மரச்செதுக்கின் விதி ஒன்றே ஒன்று: உளி போன இடத்தில் மை ஏறாது. சமமாக இழைத்த பலகையில் படத்தை வரைகிறார்கள். தாளில் விழக் கூடாத பகுதிகளையெல்லாம் உளியால் எடுத்துவிடுகிறார்கள். ரோலரால் மை உருட்டினால், மேடாக நிற்கும் இடங்களில் மட்டும் மை ஒட்டும். அதன்மேல் தாளைக் கவிழ்த்து, கரண்டியின் முதுகாலோ, ஜப்பானியர்கள் பயன்படுத்தும் மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தட்டாலோ அழுத்தித் தேய்க்கிறார்கள். பிரஸ் வைத்திருப்பவர்கள் பிரஸ்ஸில் கொடுத்து எடுக்கிறார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. உளியை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு நாற்றின் இலையைக் கறுப்புக் கோடாகக் காட்ட வேண்டுமென்றால், அந்தக் கோட்டை நீங்கள் செதுக்கப் போவதில்லை. அதன் இரு பக்கமும் உள்ள மரத்தை எடுத்து, கோட்டைத் தனியாக நிற்க விட வேண்டும். அதே இலை வெள்ளைக் கோடாக இருக்கட்டும் என்றால் உளியை ஒருமுறை ஓட்டினால் போதும். புதிதாகக் கற்பவர்களின் மரச்செதுக்குகள் பெரும்பாலும் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாக இருப்பதன் காரணம் இதுதான். அதில் குறையொன்றும் இல்லை. நல்ல கலைஞர்கள் பலர் அதையே பாணியாக்கியிருக்கிறார்கள்.

இன்னொரு தொல்லை, படம் இடவலம் மாறி விழுவது. வடக்கை மேலே வைத்துப் பார்த்தால் காவிரி இடமிருந்து வலமாகக் கடலுக்குப் போகிறது. தாளில் அப்படி வர வேண்டுமானால் பலகையில் அதை வலமிருந்து இடமாக ஓட விட வேண்டும். கும்பகோணத்துக் கடைத்தெருவைச் செதுக்கி, அதில் ‘டிகிரி காபி’ என்று ஒரு போர்டும் மாட்டுவதாக இருந்தால், எழுத்துகளைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிச் செதுக்க வேண்டும்.

இந்தத் திருப்பிப் போடும் வேலை டெல்டாவுக்குப் புதிதல்ல. தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தாரே, அதுவும் இதே மேட்டு அச்சு முறைதான். மரத்துக்குப் பதிலாக உலோக எழுத்து, அவ்வளவுதான் வித்தியாசம். முதலில் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, தாளை விழுங்கின. அதனால் சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார்கள். தாள் கிடைக்காமல் பக்கத்திலிருக்கும் பொறையாரில் காகித ஆலைகூடத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகள் டிரெடில் இயந்திரத்தில் இதே கொள்கைப்படிதான் அச்சாயின. ஆஃப்செட் வந்த பிறகு அந்த இயந்திரங்களில் பலவும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. மரச்செதுக்கு செய்கிறவர்கள் மாதிரி அச்சு எடுக்கப் பயன்பட்ட பழைய புரூஃப் பிரஸ் எங்காவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பலகை என்ன மரம்? ஜப்பானில் நுண்ணிய கோடுகளுக்குச் செர்ரி மரம் பெயர் பெற்றது. ஐரோப்பாவில் பேரி மரம். நம் கலைக் கல்லூரிகளில் இன்று பெரும்பாலும் பிளைவுட், அல்லது மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். தஞ்சாவூர் ஓவியத்துக்கே பலாப்பலகை போய் பிளைவுட் வந்துவிட்ட காலம் இது, குறை சொல்ல முடியாது. ஆனால் எம்.டி.எஃப்.பில் இழை கிடையாது. நிஜ மரத்தில் உள்ள இழையோட்டம் மையோடு சேர்ந்து தாளில் பதியும். சில ஓவியர்கள் கம்பி பிரஷ்ஷால் பலகையைத் தேய்த்து, மென்மையான பகுதியைக் கரைத்து, இழையை இன்னும் எடுப்பாகத் தெரிய வைப்பார்கள். வானமாகவோ ஆற்று நீராகவோ அந்த இழை தாளில் விழும்போது, யாரும் வரையாத அலை ஒன்று படத்துக்குள் வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் மரச்செதுக்கின் முழு அழகும் அதில்தான்.

நம் பக்கத்துக் கலம்காரியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் கலம்காரியைச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் துணிமேல் கையாலேயே வரைகிறார்கள். மரக்கட்டை அச்சு வைத்துச் செய்யும் கலம்காரி ஆந்திரத்து மசூலிப்பட்டினத்தில் இருக்கிறது. அங்கேயும் கட்டையைத் தூக்கித் துணியில் குத்திக் குத்தி ஒரே உருவைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டு போவார்கள். மரச்செதுக்கில் பலகை அசையாது; தாள்தான் அதன்மேல் வந்து படுத்து எழுகிறது.

வண்ணம் எப்படி ஏறுகிறது

ஒரு பலகை, ஒரு மை, ஒரு படம். கறுப்பு வெள்ளைக்கு இது போதும். நான்கு வண்ணம் வேண்டுமென்றால்?

நேரான வழி, வண்ணத்துக்கு ஒரு பலகை. மஞ்சளுக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, கோடுகளுக்கு ஒன்று. ஒரே தாள் இவை ஒவ்வொன்றின்மேலும் போய்ப் படுத்து எழ வேண்டும். ஒவ்வொரு தடவையும் மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் படுக்க வேண்டும், இல்லையென்றால் கொக்கின் அலகு ஒரு பக்கமும் வண்ணம் ஒரு பக்கமுமாக நிற்கும். இதற்கு ஜப்பானியர்கள் கண்ட உபாயம் மிக எளியது. ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் ஒரே இடத்தில் இரண்டு காடி வெட்டிவிடுவார்கள். ஒன்று தாளின் மூலைக்கு, ஒன்று அதன் விளிம்புக்கு. தாள் அந்த இரண்டிலும் முட்டி உட்கார்ந்தால் இடம் சரி. 1765 வாக்கில் சுசுகி ஹருனோபு பல வண்ண அச்சுகளைக் கொண்டுவந்தபோது இந்தக் காடிகள்தான் கைகொடுத்தன. ஹொக்குசாய் 1831 வாக்கில் செய்த புகழ்பெற்ற பேரலைப் படமும் இப்படிப் பல பலகைகளில் ஆனதுதான்.

அந்தக் காலத்து ஜப்பானில் வரைபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவர், பணம் போடும் பதிப்பாளர் ஒருவர். ஹொக்குசாய் அந்த அலையை வரைந்தார். செதுக்கியவரும் அச்சிட்டவரும் வேறு. 1904-ல் யமமோட்டோ கனாய் என்ற இளைஞர் தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சிட்ட ஒரு மீனவர் படத்தை வெளியிட்டார். ‘எல்லாம் ஒரே கை’ என்ற இயக்கம் ஜப்பானில் அதிலிருந்து வளர்ந்தது. இன்றைய ஓவியர்கள் பலர் அந்த வழியில் போகிறார்கள். எல்லாரும் அல்ல. அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கன்தாலர் 2000-ல் செய்த ஒரு மரச்செதுக்கில் 46 பலகைகள், 102 வண்ணங்கள். பட்டறையில் கைதேர்ந்த அச்சுக்காரர்கள் கூட உழைக்காமல் அது நடக்காது. இந்தியாவில் வண்ண மரச்செதுக்கு என்றதும் நினைவுக்கு வர வேண்டிய பெயர் ஹரேன் தாஸ் (1921–1993). வங்கத்துக் கிராமம், படகு, வயல் என்று அவர் செதுக்கியவற்றைப் பார்த்தால் நாகப்பட்டினம் பக்கத்து ஆளுக்கு அந்நியமாகத் தோன்றாது. அதுவும் ஓர் ஆற்றுக் கழிமுகம்தானே.

நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் வேறு குறுக்குவழி கண்டுபிடித்தார். பலகையையே ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டிலும் வேறு வேறு வண்ணம் தடவி, மீண்டும் ஒன்றுசேர்த்து ஒரே தடவையில் அச்செடுத்தார்.

மூன்றாவது வழி இருக்கிறது. அதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். ஒரே பலகையை வைத்துக்கொண்டு, செதுக்கச் செதுக்க ஒவ்வொரு வண்ணமாக ஏற்றிக்கொண்டே போவது. தமிழில் இதைக் குறைப்பு முறை என்று வைத்துக்கொள்வோம். 1950-களின் இறுதியில் பிக்காசோ, மரத்துக்குப் பதிலாக லினோலியம் என்ற மெத்தென்ற தரைவிரிப்புப் பொருளில் இதைச் செய்து காட்டியதால் பரவலாகப் பேசப்பட்டது. எப்படி என்று நம் வயலை வைத்தே பார்க்கலாம்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் வந்து, திருவாரூர் பக்கம் குறுவை நடவு நடக்கிறது. ஓவியருக்கு நான்கு வண்ணம் போதும்: வெளிர்மஞ்சள், இளம்பச்சை, கரும்பச்சை, கிட்டத்தட்ட கறுப்பான பழுப்பு. எடிஷன் 20 என்று முடிவு செய்கிறார். ஆனால் 20 தாள் வெட்ட மாட்டார், 27 வெட்டுவார். ஏனென்று கொஞ்ச நேரத்தில் புரியும்.

முதலில், தாளின் வெள்ளையாகவே நிற்க வேண்டியது எது? கொக்குகள், தண்ணீரில் ஒரு கீற்று வெளிச்சம். அவற்றை மட்டும் செதுக்கி எடுக்கிறார். மிச்சப் பலகை முழுவதும் வெளிர்மஞ்சள் உருட்டி 27 தாளிலும் அடிக்கிறார். இப்போது கையில் இருப்பது மஞ்சள் தாளில் வெள்ளைக் கொக்கு. காய வைக்கிறார்.

அப்புறம் அதே பலகையில், மஞ்சளாகவே நிற்க வேண்டிய பகுதிகளைச் செதுக்கி எடுக்கிறார்: காலை வானம், வயலில் அதன் பிரதிபலிப்பு. மீதியில் இளம்பச்சை உருட்டி, மஞ்சள் காய்ந்த 27 தாளிலும் அதே இடத்தில் அடிக்கிறார். அடுத்து இளம்பச்சையாக நிற்க வேண்டிய நாற்றுகளைச் செதுக்கி எடுத்துவிட்டுக் கரும்பச்சை. கடைசியாகக் கரும்பச்சையில் நிற்க வேண்டிய பனையோலையையும் வரப்புப் புல்லையும் எடுத்துவிட்டால், பலகையில் மிஞ்சுவது சொற்பம்: பனையின் அடிமரம், வரப்பின் நிழல், குனிந்து நடும் பெண்களின் உருவம். அதில் பழுப்பு உருட்டி அடித்தால் படம் முடிந்தது.

இப்போது பலகையைப் பாருங்கள். மஞ்சள் அச்சிட்ட பரப்பு எங்கே? சீவலாகித் தரையில் கிடக்கிறது. இருபத்தெட்டாவதாக ஒருவர் வந்து எவ்வளவு பணம் கொடுத்தாலும் இன்னொரு தாள் அச்சிட முடியாது. ஓவியரே நினைத்தாலும் முடியாது. எத்தனை பிரதி என்பதை முதல் வண்ணம் அடிப்பதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். நான்கு தடவை தாள் போய் வருவதில் சில நகர்ந்துவிடும், சிலவற்றில் மை திட்டாகிவிடும், ஒன்றிரண்டில் கைரேகை விழுந்துவிடும். 27 வெட்டியது அதனால்தான்.

யோசிக்கும் முறையே இதில் வேறு. தூரிகை பிடிப்பவர் கடைசியில் இன்னொரு கொக்கைச் சேர்க்கலாம். இங்கே கொக்கு முதல் நாள் சமாசாரம். நான்காவது வண்ணத்துக்கு வந்த பிறகு கொக்கு போதவில்லை என்று தோன்றினால் தோன்றியதுதான். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குத்தான் போக முடியும், திரும்பி வர வழியில்லை. மையும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காருவதால், அடியிலிருக்கும் மஞ்சள் மேலிருக்கும் பச்சையைச் சூடாக்கிக் காட்டும். நான்கு அடுக்கு ஏறிய பழுப்புப் பகுதி மற்ற இடங்களைவிடத் தடித்து, பக்கவாட்டில் பார்க்கும்போது லேசாக மினுங்கும்.

எண்ணும் வாக்கும்

சுவாமிமலையில் ஒரு பஞ்சலோகச் சிலை வார்க்கும்போது மெழுகு உருவின்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை ஊற்றி, ஆறிய பிறகு மண் அச்சை உடைக்கிறார்கள். அச்சு போய்விட்டது. அதே நடராசர் இரண்டாவது தடவை வரவே மாட்டார். வேறொரு நடராசர்தான் வருவார். குறைப்பு முறை மரச்செதுக்கு இதற்குப் பக்கத்தில் வருகிறது. செய்முறையே எண்ணிக்கைக்குப் பூட்டு போட்டுவிடுகிறது.

வண்ணத்துக்கு ஒரு பலகை முறையில் அப்படிப் பூட்டு எதுவும் இல்லை. நல்ல மரம் ஆயிரக்கணக்கில் அச்சுத் தாங்கும். ஹொக்குசாயின் அலை அப்படி ஆயிரக்கணக்கில் அச்சாகிச் சாதாரண மக்கள் வாங்கிப் போனதுதான். அதற்கு எண்ணும் கிடையாது, வரம்பும் கிடையாது. ஆகவே இன்றைய ஓவியர் நான்கு பலகையில் செய்த படத்தை 20-ல் நிறுத்தினால், மரம் தேய்ந்து போனதால் நிறுத்தவில்லை. நிறுத்துகிறேன் என்று அவர் வாங்குபவருக்குக் கொடுக்கும் வாக்கு அது. ‘லிமிடெட் எடிஷன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது அவ்வளவுதான். விலையில் ஒரு பகுதி அந்த வாக்குக்கான விலை. வாக்கைக் காட்சிப்பொருளாக ஆக்கிக் காட்டவும் வழக்கம் இருக்கிறது: எடிஷன் முடிந்ததும் பலகையின் குறுக்கே ஆழமாக ஒரு கோடோ பெருக்கல் குறியோ வெட்டிவிடுவார்கள். இனி யார் அச்செடுத்தாலும் அந்தத் தழும்பு படத்தின் நடுவில் வரும்.

வாக்கு இல்லாமல் பலகை மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் நல்ல உதாரணம். தாகித்தியிலிருந்து திரும்பிய பிறகு 1893–94-ல் அவர் பத்து மரச்செதுக்குகள் செய்தார். தானே அச்சிட்டவை சொற்பம், ஒவ்வொன்றும் ஒரு விதம். பிறகு லூயி ருவா என்ற நண்பர் கொஞ்சம் அச்சிட்டுக் கொடுத்தார். கோகன் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1921-ல் மகன் போலா அதே பலகைகளிலிருந்து ஒவ்வொன்றிலும் 100 அச்சிட்டு எண் போட்டார். பலகை ஒன்றுதான், ஆனால் மூன்றும் மூன்று வேறு பொருள். மகன் அச்சிட்டவை தெளிவானவை, ஒழுங்கானவை. தந்தை அச்சிட்டவற்றில் மை அங்கங்கே கறைபோலப் பரவி, பாதி இருட்டில் கிடக்கும். சேகரிப்பவர்கள் எதற்கு அதிக விலை கொடுக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இனி 7/20-க்கு வருவோம். 20 என்பது எடிஷனின் அளவு. 7 என்பது இந்தத் தாளின் எண். 1/20 தான் உசத்தி, 20/20 மட்டம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது செப்புத் தகட்டில் ஊசியால் கீறிச் செய்யும் அச்சிலிருந்து வந்தது. அங்கே தகடு சீக்கிரம் தேய்ந்துவிடும், முதலில் எடுத்தவை துலக்கமாக இருக்கும். மரத்துக்கு அது பொருந்தாது. போதாததற்கு, எல்லாத் தாளும் காய்ந்த பிறகு அடுக்கி வைத்துத்தான் எண் போடுகிறார்கள். 7 என்று எழுதியது ஏழாவதாக அச்சானதாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

அதேபோல, 20 என்றால் உலகத்தில் இருப்பது இருபதே என்றும் நினைக்க வேண்டாம். ஏ.பி. என்று எழுதியிருந்தால் அது ஓவியர் தனக்கென்று வைத்துக்கொண்ட பிரதி. பொதுவாக எடிஷனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். பி.பி. என்றால் அச்சிட்டவருக்கு. பி.ஏ.டி. என்றால் ‘இதேபோல மற்றதெல்லாம் வரட்டும்’ என்று ஓவியர் ஒப்புதல் கொடுத்த மாதிரித் தாள். எச்.சி. விற்பனைக்கு அல்ல என்று ஒதுக்கியது. இ.வி. என்று இருந்தால் ஒவ்வொரு பிரதியிலும் வண்ணத்தை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இ.வி. தவிர மற்றவற்றை எடிஷன் எண்ணில் சேர்க்க மாட்டார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, வழக்கமே அப்படித்தான். ஆனால் கேட்காமல் யாரும் சொல்வதும் இல்லை. வாங்குகிறவர் “ஏ.பி. எத்தனை?” என்று கேட்கத் தயங்கக் கூடாது.

ஏன் பென்சில்? பேனா மை வெளிச்சத்தில் மங்கும், ஈரத்தில் ஊறும். கிராஃபைட் இரண்டும் செய்யாது. தாளில் அழுந்திய தடமும் தெரியும். படத்தின் கீழே பென்சிலில் கையெழுத்திடும் பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் பரவியது.

வரம்பு போட்டால்தான் மதிப்பு என்ற எண்ணத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அச்சின் இயல்பே பரவுவது. 1930-ல் காந்தி கைத்தடியோடு நடப்பதை வங்க ஓவியர் நந்தலால் போஸ் லினோலியத்தில் செதுக்கினார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார். போஸின் படம் நாடு முழுக்கப் பரவியதால்தான் இன்றும் காந்தியின் தண்டி நடையை நினைத்தாலே அந்தக் கறுப்பு வெள்ளை உருவம் கண்ணில் வருகிறது. எண் போடாத அச்சு மட்டமானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அச்சுப்படமா, பிரிண்ட்அவுட்டா?

ஓர் ஓவியத்தை ஸ்கேன் செய்து, உயர்ந்த ரகத் தாளில் இங்க்ஜெட்டில் எடுத்து, அதில் 1/100 என்று எழுதி விற்பதும் நடக்கிறது. ‘ஜிக்லே’ என்று கேட்பதற்கு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். அதை அதுவென்று சொல்லி விற்றால் தப்பில்லை. ஆனால் அதற்கு அசல் ஒன்று வேறெங்கோ இருக்கிறது; நீங்கள் வாங்குவது அதன் நகல். மரச்செதுக்கோடு ஒரே தட்டில் வைக்க முடியாது.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க நகைக்கடை லென்ஸ் ஒன்று போதும். இங்க்ஜெட்டில் எந்த நிறத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் பல நிறப் புள்ளிகளின் தூவல் தெரியும். மரச்செதுக்கில் பச்சை என்றால் பச்சை மையின் ஒரே பரப்பு, இடையிடையே மர இழை. வண்ணம் முடியும் ஓரத்தில் மை பிதுங்கி மெல்லிய கரைபோல நிற்கும். இரண்டு வண்ணம் சந்திக்கும் இடத்தில் எங்கேயாவது துளி வெள்ளையோ துளி ஒன்றன்மேல் ஒன்று ஏறியதோ இருக்கும்; நான்கு பலகைப் படத்தில் அது துளியும் இல்லையென்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும். சட்டத்திலிருந்து எடுத்துப் பார்க்க விட்டால் தாளின் பின்பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். அழுத்தித் தேய்த்த தடம் பல நேரம் புடைத்துத் தெரியும்.

நம் ஈரக் காற்றில்

தாள் ஈரத்தை இழுத்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை வெயிலில் மஞ்சள் அடித்த தாளை ஐப்பசி மழையில் எடுத்துப் பச்சை அடித்தால், இரண்டும் பொருந்தவே பொருந்தாது. பெரிய படம் என்றால் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விலகும். பிளைவுட்டும் தன் பங்குக்கு வளையும். எண்ணெய் மை காய எடுக்கும் நேரமும் அடைமழையில் நீண்டுகொண்டே போகும். ஆகவே டெல்டாவில் பல வண்ண வேலை செய்பவருக்கு என் யோசனை: எல்லா வண்ணத்தையும் ஒரே பருவத்தில் முடியுங்கள், மாசி பங்குனி உத்தமம். இடைவேளையில் தாள்களை ஒன்றாக அடுக்கிப் பாலிதீனில் சுற்றி வையுங்கள், எல்லாம் ஒரே ஈரத்தில் இருக்கும்.

வாங்கி வீட்டில் மாட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது சட்டம் போடும் இடத்தில் தொடங்குகிறது. சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடைகளில் படத்தைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்து, பின்னால் ஹார்ட்போர்டு வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். நம் ஊர் மழைக்காலத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மை உரியும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி விடும்படி மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். அமிலம் இல்லாத அட்டை கேளுங்கள், சாதா அட்டை சில ஆண்டுகளில் தாளில் பழுப்புக் கறை விடும். ஃபெவிகால், செல்லோடேப் இரண்டும் ஆகாது. லேமினேஷன் செய்தால் அதோடு கதை முடிந்தது. மழைச் சாரல் வாங்கும் வெளிச்சுவரிலும் ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்திலும் மாட்ட வேண்டாம். சட்டத்தின் பின்பக்கம் நான்கு மூலையிலும் சின்ன கார்க் துண்டு ஒட்டிவிட்டால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போகும், கரையானும் பூஞ்சையும் குறையும். கார்த்திகை முடிந்ததும் ஒருமுறை இறக்கிப் பின்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

அச்சுப்படங்களை நேரில் பார்க்க வேண்டுமென்றால், தஞ்சை சரசுவதி மகால் அருங்காட்சியகத்தில் மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிடும் சார்ல் லெப்ரனின் படங்கள் இருக்கின்றன. அவை மரச்செதுக்கு அல்ல என்றாலும், அச்சு என்ற ஒன்று இருந்ததால்தான் ஒரு பிரெஞ்சு ஓவியரின் கோடுகள் தஞ்சாவூர் வரைக்கும் வந்து சேர்ந்தன என்பதை அங்கே நின்று பார்க்கலாம். கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தில் அச்சுக்கலைக்கென்றே பட்டறை உண்டு.

கையால் செய்து பார்க்க ஆசையிருந்தால் போஸ்ட்கார்டு அளவில் ஓர் எம்.டி.எஃப். துண்டு, ஒரு வி வடிவ உளி, ஒரு யூ வடிவ உளி, சின்ன ரோலர், அச்சு மை, ஒரு எவர்சில்வர் கரண்டி போதும். இரண்டே வண்ணத்தில் குறைப்பு முறையை முயலுங்கள். எத்தனை பிரதி வேண்டுமோ அதைவிட மூன்று நான்கு தாள் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். பலகை நகராமலிருக்க மேசையில் ஒரு கட்டையை ஆணியடித்து அதில் முட்டுக் கொடுங்கள். உளி போகும் பாதையில் மட்டும் இன்னொரு கையை வைக்காதீர்கள். வழுக்கினால் தையல் போட வேண்டியிருக்கும்.